ஒரே உடம்பு, இரண்டு படம்

இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "செல்போன் டவர் எப்படி வேலை செய்கிறது?" என்று எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். பாதி எழுதியும் விட்டேன். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு விஷயம் நடந்து, லீவு நாளெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டதை எழுதினால் நம் பிரிவு மாணவர்களுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. டவர் எங்கும் ஓடிவிடாது. அடுத்த மலருக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு ஆழ்வார்பேட்டையில் இருக்கிறது. ஆழ்வார்பேட்டை என்றதும் பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். பங்களாக்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவில் சந்து சந்தாகவும் ஒரு ஆழ்வார்பேட்டை உண்டு. அப்பா எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். பெரியப்பா சி.பி. ராமசாமி சாலை பக்கம் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். இரண்டு குடும்பத்திலும் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் பேங்க் செலான் ஆனாலும் சரி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஆனாலும் சரி, "தம்பி வரட்டும், படிச்சிச் சொல்லுவான்" என்பதுதான் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 கடைசியில் பெரியப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. "சூடுடா, ராத்திரி டூட்டி பாக்குறேன்ல" என்றார். யாரோ சொன்னார்கள் என்று மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார், ஐந்து மாதம். கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி. புற்றுநோய். 2024ல் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அந்தக் குடல் பகுதியை எடுத்துவிட்டார்கள். கீமோ மருந்தும் ஏற்றினார்கள். ஆள் தேறி டூட்டிக்கே போய்விட்டார். 2025 பிறந்ததும் சி.ஈ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு பொட்டு.

டாக்டர் அம்மா பதறவில்லை. "ஈரல்ல மட்டும் இருந்தா அந்தப் பகுதிய வெட்டி எடுத்துடலாம் தம்பி. வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு தெரியணும். பெட்-சி.டி. எடுத்துட்டு வாங்க" என்றார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. வெளியில் ஒரு இடத்தில் பெட்-சி.டி. எடுத்தோம். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே நான் படித்தேன். கல்லீரல் பொட்டு "எஃப்.டி.ஜி. ஏவிட்" என்று இருந்தது. நெஞ்சின் நடுவில் இரண்டு நிணநீர்க் கணுக்களும் "எஃப்.டி.ஜி. ஏவிட்". அதற்குக் கீழே "மெட்டாஸ்டாசிஸ்" என்ற வார்த்தை. செல்போனில் அர்த்தம் தேடினேன். பரவிய புற்றுநோய். உடனே அப்பாவுக்குப் போன் போட்டு, "நெஞ்சு வரைக்கும் பரவிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி பெரியம்மா சாப்பிடவில்லை. பெரியப்பா மட்டும் அமைதியாக, "இனிமே எதுக்குடா செலவு? நான் ஊருக்குப் போயிடறேன்" என்றார். பெட்டியில் துணி மடித்து வைத்ததையும் பார்த்தேன்.

அந்த ரிப்போர்ட்டில் கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது. படித்தேன், புரியவில்லை, விட்டுவிட்டேன். அது என்ன வரி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மெஷினைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அந்த வரி புரியாது.

பெட்-சி.டி. என்பது இரண்டு மெஷின்களை ஒன்றாகக் கட்டியது. முதலில் சி.டி. சாதாரண எக்ஸ்ரேயில் நெஞ்சு, முதுகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நிழலாகத் தெரியும். சி.டி.யிலோ எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உடம்பைத் தாண்டி வந்தது என்று எதிர்ப்பக்கத்து டிடெக்டர் அளக்கிறது. அந்த எண்களை வைத்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வெள்ளரிக்காய் வில்லை மாதிரி உடம்பை வில்லை வில்லையாகக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். நண்பர்களே, அவர் நம்ம ஆள்! லண்டன் ஃபாரடே ஹவுஸ் மின் பொறியியல் கல்லூரியில் டிப்ளமா படித்தவர். வேலை பார்த்ததோ ஈ.எம்.ஐ. கம்பெனியில். குழாய் வைத்த கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் அந்த எச்.எம்.வி. இசைத்தட்டு இருக்கிறதே, அதை வைத்திருந்த கம்பெனிதான். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலில் சி.டி. எடுத்தார்கள். 1979ல் ஆலன் கார்மாக்கோடு சேர்த்து ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. "டிப்ளமாதானே?" என்று யாராவது இனிமேல் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சி.டி. வடிவத்தைக் காட்டும். கட்டி எங்கே, எவ்வளவு அகலம் என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். ஆனால் அந்தக் கட்டி உயிரோடு வளர்கிறதா, ஆபரேஷன் ஆறிய தழும்பா என்பதை அதனால் பல சமயம் சொல்ல முடியாது. இரண்டும் சாம்பல் நிறம்தான்.

அதைச் சொல்ல வருவது பெட். 1920களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி, புற்றுநோய் செல்கள் மற்ற செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுத்துத் தின்கின்றன என்று கண்டார். சரி, அந்தச் சர்க்கரையிலேயே ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால்? அதுதான் எஃப்.டி.ஜி. குளுக்கோஸில் ஒரு ஆக்சிஜன் இருக்கும் இடத்தை மாற்றி, கதிரியக்கம் உள்ள ஃப்ளோரின்-18ஐ வைத்துவிடுகிறார்கள். செல் இதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கிறது. முதல் படி ஜீரணம் நடக்கிறது. அடுத்த படிக்குப் போக முடியாது, வெளியே வரவும் முடியாது. பீக் அவரில் பஸ்ஸின் நடுவில் மாட்டிக்கொண்டவன் கதைதான். அமெரிக்காவில் 1976ல் இதை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் வரும் "ஏவிட்" என்பதற்கு, இந்தச் சர்க்கரையை ஆவலாக இழுத்த இடம் என்று மட்டும்தான் பொருள். புற்றுநோய் என்று பொருள் இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உள்ளே போன ஃப்ளோரின் ஒரு பாசிட்ரானை வெளிவிடும். பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானின் எதிர்ச்சுமை அண்ணன். ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் அது ஓர் எலெக்ட்ரானில் மோதி, இரண்டும் அழிந்துபோகும். அப்போது 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய நேர் எதிர்த் திசைகளில் பறக்கும். உடம்பைச் சுற்றி வளையமாகப் படிகங்கள் இருக்கின்றன. காமா பட்டால் படிகம் மின்னும், அந்த மின்னலை மின் துடிப்பாக மாற்றுகிறார்கள். இப்போது நம் டிஜிட்டல் லேபுக்கு வாருங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு டிடெக்டர்களிலும் சில நானோசெகண்டுக்குள் துடிப்பு வந்தால்தான் கணக்கு. ஒன்றில் மட்டும் வந்தால் தள்ளுபடி. நாம் 7408 ஐ.சி. வைத்து முதல் பரிசோதனையில் செய்த அதே "அண்ட்" கேட் வேலைதான்! இரண்டு டிடெக்டருக்கும் ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டில் எங்கோ விளக்கு இருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் படத்தில் ஒளிரும் புள்ளி.

ஃப்ளோரின்-18ன் அரை ஆயுள் 110 நிமிடம். காலையில் செய்த மருந்து மறுநாள் காலை எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் ஸ்டாக் வைக்க முடியாது. சைக்ளோட்ரான் என்ற மெஷினில் அன்றன்றைக்குச் செய்து, மீன் வண்டி மாதிரி அவசரமாகக் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனரும் 2002ல் மும்பை பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் வந்தன.

பெரியப்பாவை ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்கள். அதிகமாக இருந்தால் நிஜச் சர்க்கரையும் எஃப்.டி.ஜி.யும் போட்டி போட்டுப் படம் மங்கிவிடும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில், பேசாமல், நடக்காமல் உட்கார வேண்டும். அசைந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெற்றிலை போடக் கூடாது என்றதுதான் பெரியப்பாவுக்குப் பெரிய தண்டனை. மென்றால் தாடைத் தசை பளிச்சென்று எரியுமாம். அன்று முழுக்கக் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அக்காவின் குழந்தை வீட்டில் இருந்ததால் அவர் அன்று வாட்ச்மேன் ரூமிலேயே படுத்துக்கொண்டார்.

பெட் படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். ராத்திரி கரண்ட் போனபோது மொட்டை மாடியில் நின்று பாருங்கள். எங்கோ ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் விளக்கு எரியும், எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்ல முடியாது. பெட் படம் அப்படித்தான். வயிற்றில் ஏதோ ஒளிர்கிறது. குடலா, கல்லீரல் ஓரமா, சிறுநீர்க் குழாயா? மூளை, இதயம், மூத்திரப்பை எல்லாம் வேறு இயல்பாகவே எரியும். சி.டி. படமோ தெருப் பெயர், கதவு எண் எல்லாம் போட்ட வரைபடம், ஆனால் விளக்கே இல்லை. ஆரம்பத்தில் டாக்டர்கள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்து, கண்ணாலேயே பொருத்திப் பார்த்தார்கள். நாம் கண்ணாடிக்கு அடியில் பல்பு வைத்து டிராயிங் ஷீட்டைக் காப்பி அடிக்கிறோமே, அந்த மாதிரி கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் பார்த்தார்கள். மூளைக்குச் சரியாக வந்தது, மண்டை ஓடு அசையாது. வயிற்றுக்கு வரவில்லை. இன்று எடுத்த படத்துக்கும் நாளை எடுத்த படத்துக்கும் நடுவில் குடல் நெளிந்துவிடும், ஆள் படுக்கும் விதமும் மாறிவிடும்.

இதைத் தீர்த்தவர்கள் டேவிட் டவுன்சென்ட் என்ற இயற்பியலாளரும் ரொனால்ட் நட் என்ற பொறியாளரும். டவுன்சென்ட் ஜெனீவாவில் இருந்தபோது, முழு வளையம் இல்லாமல் இரண்டு துண்டு டிடெக்டர்கள் சுழலும் ஒரு மலிவான பெட் மெஷினைச் செய்தார்கள். துண்டுகளுக்கு நடுவில் காலி இடம் இருந்தது. அதைப் பார்த்த ஓர் அறுவை மருத்துவர், அந்த இடத்தில் சி.டி. மாதிரி உபயோகமாக எதையாவது வையுங்களேன் என்றாராம். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்த முதல் மாதிரி மெஷின் 1998ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நோயாளிகளுக்குப் பயன்பட ஆரம்பித்தது. படுக்கை ஒன்றுதான். ஆள் எழுந்திருக்காமலே முதலில் சி.டி., அடுத்து பெட். இதில் இன்னொரு லாபம் உண்டு. உடம்பின் ஆழத்திலிருந்து வரும் காமாக் கதிர்களில் பாதி வழியிலேயே விழுங்கப்பட்டுவிடும். எந்த இடத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்கிட சி.டி. எண்களையே பயன்படுத்திக்கொள்ளலாம். முன்பு அதற்கென்று தனியாக ஒரு கதிரியக்கக் கம்பியை உடம்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது குடலுக்கு வருவோம். குடல் புற்றுநோய் ஏன் கல்லீரலுக்குப் போகிறது? குடலில் உறிஞ்சிய சத்தில் பெரும்பகுதி ரத்தத்தோடு போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கட்டியிலிருந்து பிய்ந்த செல்லும் அதே பாதையில் போய் முதல் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுகிறது. அடுத்த ஸ்டேஷன் பெரும்பாலும் நுரையீரல். கல்லீரலில் மட்டும் இருந்து, வெட்டி எடுக்க முடிகிற நிலையில் இருந்தால், எடுத்த பிறகு நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர் வரை ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். பரவிய புற்றுநோயில் இது பெரிய விஷயம். நல்ல கல்லீரலாக இருந்தால் பாதிக்கு மேல் எடுத்தாலும் திரும்ப வளரும். ஆனால் வேறு இடங்களிலும் பரவியிருந்தால், கல்லீரலை மட்டும் வெட்டி ஆளைப் போட்டுப் படுத்துவதில் பெரும்பாலும் பயன் இல்லை. அப்போது மருந்துதான் வழி. கத்தியா, மருந்தா? அந்த முடிவுக்குத்தான் இந்த இரட்டைப் படம் வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் 150 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். சி.டி. மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குப் போனவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு வயிற்றைத் திறந்தது வீண். பெட்டும் சேர்த்துப் பார்த்தவர்களில் அது 28 ஆகக் குறைந்தது. "அப்போ எல்லாருக்கும் எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கனடாவில் 404 பேரை வைத்து 2014ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பெட்-சி.டி. எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேருக்குத்தான் ஆபரேஷன் திட்டம் மாறியது. உயிர் வாழும் காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் சாதாரண சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் மிகவும் முன்னேறியிருந்தன. கல்லீரலுக்குள் இருக்கும் சின்னப் பொட்டுகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் கெட்டிக்காரன். ஆகவே எடுக்கச் சொன்னால், எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறோம் என்று கேட்பதில் தப்பில்லை. கம்மல் அடகு வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெட் ஏமாறும் இடங்களும் உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான பொட்டு தெரியாமல் போகலாம். கோழை மாதிரி சளி சுரக்கும் வகைக் குடல் புற்றுநோய் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது. கீமோ முடிந்த உடனே எடுத்தால் நோய் இருந்தும் மங்கலாகத் தெரியும். மூச்சும் ஒரு தொல்லை. சி.டி. சில நொடியில் முடிந்துவிடும், பெட் பல நிமிடம் ஓடும். அந்த நேரமெல்லாம் கல்லீரலின் உச்சி மூச்சோடு மேலும் கீழும் போகிறது. அதனால் கல்லீரல் உச்சியில் இருக்கும் பொட்டு, படத்தில் நுரையீரலின் அடியில் உட்கார்ந்த மாதிரி தெரியலாம்! இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் ஒன்று உண்டு. புற்றுநோயே இல்லாத இடமும் ஒளிரும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சர்க்கரையை இழுப்பவைதான். நம் நாட்டில் அப்படி நெஞ்சுக் கணுக்களில் ஒளிருவதற்கு முக்கியக் காரணம் ஒன்று இருக்கிறது. டி.பி.

இப்போது அந்தக் கடைசி வரி. "திசுப் பரிசோதனையுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்பதைத்தான் அதில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வரியிலும் மெட்டாஸ்டாசிஸ் "அல்லது" கிருமித் தொற்று என்றுதான் இருந்தது. "அல்லது" எனக்குக் கண்ணில் படவே இல்லை.

மூன்று நாள் கழித்து டாக்டர் அம்மாவிடம் போனோம். பெரியப்பா வரவில்லை, நானும் அப்பாவும்தான். "எங்க பேஷண்ட்?" என்றார். அப்பா, "நெஞ்சு வரைக்கும் பரவிடுச்சுன்னு பையன் சொன்னான் மேடம், அவரு ஊருக்குக் கிளம்புறாரு" என்றார். அவர் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு எங்கள் பக்கம் திருப்பினார். கல்லீரல் பொட்டு மஞ்சளாக எரிந்தது. நெஞ்சில் இரண்டு சின்னப் புள்ளி. "குடல் கேன்சர் நுரையீரல்ல ஒண்ணுமே இல்லாம நேரா இந்தக் கணுவுக்கு மட்டும் வர்றது அபூர்வம் தம்பி. ஊசி போட்டு எடுத்துப் பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். நீ எப்படிச் சொன்ன?" என்று கேட்டார். திட்டவில்லை, கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு எடுத்தார்கள். டி.பி.தான். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். டி.பி. மாத்திரையே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியது என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2025 மே மாதம் கல்லீரல் ஆபரேஷன் நடந்தது. நான் சொன்னதைக் கேட்டு அவர் ஊருக்குப் போயிருந்தால் அந்தத் தேதி வந்திருக்காது.

அடையாறு பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று ஞாபகம் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அதைப் பார்த்த வேதனைதான் அவரைப் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி கேட்டு அலைய வைத்தது. 1954ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய தங்கை காலத்தில் சி.டி. இல்லை, பெட் இல்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒரு டாக்டரே இருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது நான்தான்.

பெரியப்பா இப்போது பகல் டூட்டி மட்டும் பார்க்கிறார். வெற்றிலையைக் குறைத்திருக்கிறேன் என்கிறார், பெரியம்மா நம்பவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சி.ஈ.ஏ. பார்க்க வேண்டும். போன தடவை 2.8 இருந்தது. அடுத்த ரிசல்ட் வரும் அன்று எனக்கு மைக்ரோபிராசசர் பிராக்டிகல். பேப்பரை நான் வாங்கிப் பார்க்கும் வரை வீட்டில் யாரும் பிரிக்க வேண்டாம் என்று சொன்னேன். "நீயும் டாக்டரம்மா பார்க்குற வரைக்கும் பிரிக்காதடா" என்றார் பெரியப்பா.